கோதண்டத்தின் சட்டை

எலிக்குத் துக்கம் பிடித்திருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிப்பது சுலபம். கூண்டில் இரண்டு பாட்டில் மாட்ட வேண்டும். ஒன்றில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் சர்க்கரைத் தண்ணீர். நல்ல எலி சர்க்கரைத் தண்ணீரை விட்டு நகராது. துக்கம் பிடித்த எலிக்கு இரண்டும் ஒன்றுதான். எது பக்கத்தில் இருக்கிறதோ அதை நக்கிவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். மறுநாள் காலையில் பாட்டிலை எடை போட்டு எழுதினால் வேலை முடிந்தது. இதற்கு எதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் படித்த டாக்டர்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நாலாம் கிளாஸ் படித்த நானே செய்தேன்.

என் பெயர் கோதண்டம். நகராட்சியில் இருபத்திரண்டு வருஷம் நாய் பிடித்தவன். ஓய்வு பெற்றதும் செங்கல்பட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள ஒரு மருந்துக் கம்பெனியின் எலிக்கூடத்தில் சேர்ந்தேன். நாய்க்குப் பயப்படாதவன் எலிக்கா பயப்படுவான் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மனச்சோர்வுக்கு மருந்து கண்டுபிடிக்கிற இடம் அது. மருந்தைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் சோர்ந்து போன எலி வேண்டும். அதனால் எலிக்குத் துக்கம் வரவழைக்கிற வேலையும் எங்களுடையதுதான். கூண்டைச் சாய்த்து வைப்போம். எலி படுக்கிற மரத்தூளை நனைத்துவிடுவோம். கூட இருக்கும் எலியைப் பிரித்து எடுத்துப் போய்விடுவோம். இப்படி ஒரு மாதம். பாதி எலிகளுக்கு இதையெல்லாம் செய்ய வேண்டும், பாதியை ஒன்றும் செய்யாமல் விட வேண்டும். அப்போதுதான் இரண்டையும் வைத்து ஒப்பிட முடியுமாம்.

என் அறையில் ஒன்றும் செய்யாமல் விட்ட எலிகளும் துக்கத்தில் இருந்தன. சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

எலிக்கூடத்துக்குப் பொறுப்பான டாக்டர் பார்கவி என்னைக் கூப்பிட்டு விசாரித்தாள். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். அடுத்த அறை எலிகளைப் பார்த்துக்கொள்ளும் எத்திராஜையும் பக்கத்தில் நிறுத்தியிருந்தாள்.

"கோதண்டம் ஐயா, உங்க ரூம் எலிங்கள நீங்க என்ன பண்றீங்க?"

"தீனி போடறேன், தண்ணி மாத்தறேன், கூண்டு கழுவறேன். எலிய வேற என்னா பண்ணுவாங்க?"

"ஒண்ணும் செய்ய வேணாம்னு விட்ட நாப்பது எலி. நாப்பதுல முப்பத்தேழு சர்க்கரைத் தண்ணிய சீண்டவே இல்ல."

"சர்க்கரை மட்டமா இருக்கும்."

எத்திராஜ் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை. "சட்டையக் கழட்டிக் குடுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"குடுங்கண்ணா, அந்தம்மா இன்னா துவைச்சுப் போட்டுக்கவா கேக்குது?" என்றான் எத்திராஜ்.

கொடுத்தேன். அதை எத்திராஜ் அறையில் கொண்டு போய் ஆணியில் மாட்டினாள். ஒவ்வொரு எலியின் தோலுக்கடியிலும் அரிசி அளவுக்கு ஒரு சில்லு வைத்திருப்பார்கள். உள்ளே ஊறுவதெல்லாம் வெளியே திரையில் எண்ணாக ஓடும். என் சட்டை உள்ளே போய்க் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, அத்தனை எண்ணும் சிவப்பாகிவிட்டது. மறுநாள் எத்திராஜ் சட்டையை என் அறையில் மாட்டிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. ஒரு வாரம் முழுக்க என் சட்டையை எத்திராஜ் அறையில் தொங்கவிட்டாள். அங்கேயும் சர்க்கரைத் தண்ணீர் பாட்டிலோடு நின்றுவிட்டது.

"ஒரு மாசம் கஷ்டப்பட்டு நாங்க செய்யறத உங்க சட்டை ஒரு வாரத்துல செய்யுது" என்றாள். திட்டுகிறாளா பாராட்டுகிறாளா என்று தெரியவில்லை.

"புரியற மாதிரி சொல்லுங்க."

"பயந்தா உடம்புல ஒரு ஹார்மோன் ஊறும். பயம் போனா அதுவும் வடிஞ்சிடணும். வடியாம நாள் கணக்குல நின்னுச்சுன்னா, சந்தோஷம் உறைக்கிற எடமே மரத்துப் போயிடும். சர்க்கரை இனிக்காது. பெத்த குட்டி மேல ஆசை வராது. எழுந்து நிக்கவே தோணாது. ஆம்பள வாசனைக்கு எலி பயப்படும்னு ஏற்கெனவே தெரியும். ஆனா உங்க வேர்வையில ஏதோ ஒண்ணு கூடுதலா இருக்கு."

"எலிக்கு மட்டுந்தானா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

சும்மா கேட்கவில்லை. என் மனைவி குப்பம்மாள் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ரயில் பாதைக்குப் போய்ச் செத்தாள். அதற்கு முன்னால் ஆறு வருஷம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். வாயால் சொன்னேன், கையாலும் சொன்னேன். அந்தக் காலத்தில் எங்கள் லைன் வீடுகளில் கை நீட்டாத ஆம்பிளை யார் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். அவள் போன பிறகு என் ஒரே மகள் அம்சவேணி என்னோடு பேச்சை நிறுத்தினாள். கல்யாணம் கட்டிக்கொண்டு போனாள். மாப்பிள்ளை மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய்விட, மாமியார் இல்லாத வீட்டில் பிரசவம் பார்க்க ஆளில்லாமல் வேறு வழியின்றி என் வீட்டுக்கு வந்தாள். பெண் குழந்தை. பிறந்து மூன்று மாதம் ஆகியும் குழந்தையைக் கையில் வாங்கமாட்டேன் என்கிறாள். அது பசித்துக் கத்தினால் காதைப் பொத்திக்கொள்கிறாள். எதிர்வீட்டுப் பெண் வந்து புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவைப் போலவே சுவரைப் பார்த்துப் படுத்தாள். அதே சுவர்.

எனக்கு யார் சொன்னதையும் நம்பிப் பழக்கமில்லை. நானே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். மறுநாள் காலையில் இரண்டு டம்ளர் காப்பி போட்டேன். ஒன்றில் மூன்று ஸ்பூன் சர்க்கரை, இன்னொன்றில் ஒன்றுமில்லை. அம்சவேணிக்குச் சின்ன வயதிலிருந்தே காப்பியில் சர்க்கரை தூக்கலாக இருக்க வேண்டும். இரண்டையும் தலைமாட்டில் வைத்துவிட்டு வாசலில் போய் நின்றேன். கைக்கு எட்டியதை எடுத்தாள். சர்க்கரை இல்லாதது. முகம் சுளிக்காமல் குடித்தாள். அடுத்த நாள் டம்ளரை இடம் மாற்றி வைத்தேன். அன்று சர்க்கரை போட்டதைக் குடித்தாள். அதற்கும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நாலு நாள் பார்த்தேன். எலிக்கு எழுதுவது போலவே காலண்டர் பின்னால் குறித்து வைத்தேன்.

ஐந்தாம் நாள் அவளிடம் சொன்னேன். டாக்டரம்மா சொன்னதை எனக்குத் தெரிந்த வார்த்தையில் சொன்னேன். வேர்வை, ஹார்மோன், எலி, சட்டை. கேட்டுக்கொண்டு படுத்திருந்தவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"அப்போ அம்மாவுக்கும் அதானா?"

"அதாத்தான் இருக்கும்."

"நீ வேணும்னு பண்ணலியா?"

"உடம்புல இருந்து வர்றத நான் என்னாம்மா பண்ண முடியும்?"

அழுதாள். அழுதுகொண்டே கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "இத்தினி வருசமா ஒன்ன நான் கொலகாரன்னு நெனச்சிக்கினு இருந்தேம்ப்பா" என்றாள். வேறொருவன் இதைச் சொல்லியிருந்தால் பல்லைப் பெயர்த்திருப்பேன். அன்று எனக்கு என் தோள் மேலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், நல்லாயிருந்தது.

கம்பெனிக்காரர்கள் என் வேர்வையைக் காய்ச்சி வடித்து அதிலிருந்த சரக்கைத் தனியாகப் பிரித்தார்கள். ஒரு துளி போதும், கூடம் முழுக்க எலி ஒடுங்கிவிடும். பிறகு அதை அடக்குகிற மருந்தைச் செய்து கையில் ஒட்டுகிற பிளாஸ்திரியாக்கினார்கள். முதல் பிளாஸ்திரி எனக்குத்தான், பிறகு ஐநூறு வீட்டில் ஒட்டிப் பார்த்தார்கள். இரண்டு மாதத்தில் அம்சவேணி எழுந்து உட்கார்ந்தாள். நாலாம் மாதம் குழந்தையைக் குளிப்பாட்டினாள். ஒரு நாள் காப்பியைத் துப்பிவிட்டு, "இன்னாப்பா இது, கழனித்தண்ணி மாதிரி. சக்கர போட மறந்துட்டியா?" என்று கத்தினாள். நான் சமையலறைக்குள் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒரு வருஷம் போவதற்குள் பிளாஸ்திரி கடைக்கு வந்துவிட்டது. நூற்றுக்கு ஆறு ஆம்பிளைகளுக்கு என்னைப் போன்ற வேர்வை என்றார்கள். சட்டையைக் கொண்டு போய்க் கொடுத்தால் மெஷினில் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். முதலில் பொம்பளைகள்தான் புருஷன் சட்டையைப் பையில் சுருட்டிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள். பிறகு ஆம்பிளைகள் தாங்களே வந்தார்கள். துவைக்காமல் பத்து நாள் போட்ட சட்டையோடு வந்தார்கள். சீட்டில் 'உண்டு' என்று வந்தால் முகம் மலர்ந்து போனார்கள். 'இல்லை' என்று வந்தவன் இன்னொரு தடவை பார்க்கச் சொல்லிச் சண்டை போட்டான். ஒருவன் மனைவி சாவு வழக்கில் அந்தச் சீட்டைக் கோர்ட்டில் நீட்டி வெளியே வந்துவிட்டான். டீக்கடையில் எல்லோரும் அதைப் பேசிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போன வெள்ளிக்கிழமை டாக்டர் பார்கவி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். முகம் வெளுத்திருந்தது.

"உங்க வேர்வையிலேருந்து பிரிச்ச சரக்க வடக்க ஒரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தோம் ஐயா. அவங்க எலி மேல தெளிச்சிருக்காங்க. அதுங்க பாட்டுக்கு சர்க்கரைத் தண்ணி குடிச்சிட்டு சுருண்டு படுத்துத் தூங்குதுங்க."

"அவனுங்க சரியாத் தெளிச்சிருக்க மாட்டானுங்க."

"நாலு தடவ தெளிச்சிருக்காங்க." கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். "இது நம்ம குட்டி போடற அறை. ரெஜிஸ்டர்ல எத்திராஜ் கையெழுத்து இருக்கு. படத்துல நீங்க இருக்கீங்க."

எனக்கு இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. எத்திராஜை ஒரு தாய் எலி கடித்து விரல் சீழ் வைத்துவிட்டது. அதிலிருந்து குட்டி போட்ட எலி என்றால் அவனுக்கு உதறல். "அண்ணா, நீங்க குட்டி ரூம்ப பாத்துக்கோங்க, உங்க பாட்டிலெல்லாம் நான் கழுவறேன்" என்றான். சரியென்றேன். கையெழுத்தை மட்டும் அவனே போட்டுக்கொண்டு வந்தான். யார் பார்த்தால் என்ன, எலி வளர்ந்தால் சரி என்று நினைத்தோம். நாலு வருஷமாக அங்கே பிறந்த எல்லா எலியும் முதல் இருபத்தொரு நாள் என் கையில்தான் வளர்ந்தது. பிறகுதான் என் அறைக்கும் எத்திராஜ் அறைக்கும் பிரிந்து போகும்.

"சரி, அதனால இன்னா?" என்றேன்.

"பாருங்க."

படத்தில் நான் உள்ளே நுழைகிறேன். கையில் இரும்பு இடுக்கி. ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை கூண்டுக் கம்பிகள் மேல் அடித்துக்கொண்டே போகிறேன். நாய்க்கூண்டில் பழகிய பழக்கம் அது. கம்பியைத் தட்டினால் நாய் பின்னால் ஒதுங்கும், கடிக்காது. எலியும் ஒதுங்கியது. மயிர்கூட முளைக்காத குட்டிகள் தாயின் வயிற்றுக்கடியில் நெளிந்தன. தாயை வாலைப் பிடித்துத் தூக்கினேன். அது கீச்சென்றது. மூக்கில் ஒரு சுண்டு சுண்டி வேறு கூண்டில் போட்டேன். அடுத்த கூண்டு. அதற்கடுத்த கூண்டு. நான் அதையெல்லாம் செய்வதே எனக்குத் தெரியாது. வேலை செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் படத்தை நிறுத்தினாள்.

"வாசனையில ஒண்ணுமே இல்ல ஐயா. அந்த வாசனை வந்தா அடுத்து என்ன வரும்னு அதுங்களுக்குத் தெரியும். அவ்வளவுதான். நீங்க வளக்காத எலிக்கு உங்க சட்டை வெறும் சட்டை."

"அப்போ பிளாஸ்திரி?"

"அது வெறும் பிளாஸ்திரி."

"ஐநூறு வீட்ல போட்டுப் பாத்து நல்லாயிருக்குன்னீங்களே?"

"வாரத்துக்கு ரெண்டு தடவ எங்க ஆளுங்க அந்த வீடுங்களுக்குப் போனாங்க. ஆளு வந்து விசாரிச்சிட்டுப் போற வீட்ல எவன் கை நீட்டுவான்? இப்போ போறத நிறுத்தியாச்சு. அதுல ரெண்டு பொண்ணுங்க ஆஸ்பத்திரியில கெடக்குறாங்க." கம்ப்யூட்டரை அணைத்தாள். "சீட்டு இருக்குன்னு நம்பித் திரும்பிப் போனவங்க."

"பொய் சொல்றீங்க. எம்பொண்ணு எழுந்தாளே! என் கண்ணால பாத்தேனே!"

"பிளாஸ்திரி ஒட்டினதுக்கு அப்புறம் நீங்க வீட்ல எதை மாத்தினீங்க?"

யோசித்தேன். வேர்க்கக் கூடாது என்று கத்துவதை விட்டிருந்தேன். வாசனை படக் கூடாது என்று தள்ளியே நின்றேன். அவள் படுத்திருந்தால் காலால் பாயை இடித்து எழுப்புகிற பழக்கத்தையும் விட்டிருந்தேன். இவளிடம் இதைச் சொல்வானேன் என்று வாயை மூடிக்கொண்டேன். அவள் ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினாள்.

"மேல இருக்கறவங்க இந்தப் படத்த அழிக்கச் சொல்லிட்டாங்க. எத்திராஜ் வாயைத் திறக்க மாட்டேங்கிறார். குட்டிங்கள வளத்தது நான்தான், இப்படித்தான் வளத்தேன்னு நீங்க ஒரு கையெழுத்து போட்டா போதும். கடையிலேருந்து எடுக்க வெச்சிடுவேன்."

"போட்டா பேப்பர்ல வருமா?"

"வரும்."

"எம்பேரு?"

"வரும் ஐயா."

படித்தவர்கள் நீட்டுகிற காகிதத்தை நான் என்றைக்கும் நம்பியதில்லை. ஆனால் அன்று என் கை நீளாததற்குக் காரணம் அது இல்லை. பேப்பரில் வந்தால் அம்சவேணி படிப்பாள். என் உடம்பில் ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் மிச்சம் இருப்பது நான்தான். மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். இந்தத் தடவை எழுந்திருக்கமாட்டாள். குழந்தைக்கு ஒன்றரை வயதுதான் ஆகிறது.

"நாளைக்கு வரேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. அம்சவேணிக்கு எதிரே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கலாம். பக்கத்தில் ஒரு துணிப்பை. இடது கண்ணுக்குக் கீழே மஞ்சளும் பச்சையுமாகக் கன்றிப்போன வீக்கம், ஆறுகிற பருவத்தில் இருந்தது.

"இது தேவகிப்பா. பின்னாடித் தெரு வனஜா அக்கா பொண்ணு" என்றாள் அம்சவேணி. "மூணு வாரமா அம்மா ஊட்லதான் கீது. அவ ஊட்டுக்காரரு காலைல வந்து சீட்டக் காட்டினாராம். அவருக்கும் ஒனக்கு இருக்கற மாதிரியே உடம்பு வாகாம். கையில பிளாஸ்திரி ஒட்டிக்கினு வந்து நின்னு அழுதாராம். இது போறதா வேணாமான்னு கேக்குது. நான் சொன்னேன், எங்கப்பாதான் மொதோ ஆளு, அவரையே கேட்டுக்கன்னு."

தேவகி எழுந்து நின்றாள். முந்தானையால் கண்ணுக்குக் கீழே மறைத்துக்கொண்டாள். "அவரு மனசுல கெட்டவரு இல்லப்பா. ஒடம்புதான் அப்பிடின்னு டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு. நம்பிப் போலாங்களா?"

"நீ ஒக்காரு" என்றேன்.

"இல்லப்பா, அவரு ஸ்ரீபெரும்புதூர்ல காத்துக்கினு இருப்பாரு. ஆறு மணிக்குள்ள வரலன்னா இனிமே வரவே வேணாம்னு சொல்லிட்டாரு."

"அழுதான்னியே?"

"மொதல்ல அழுதாரு. அப்புறமாதான் அப்படிச் சொன்னாரு."

எனக்கு அந்த ஆளைத் தெரியும். முகம் தெரியாது, பெயர் தெரியாது, ஆனால் ஆளைத் தெரியும். இன்று ஏழு மணிக்கு அவன் என்ன செய்வான், நாளைக்கு என்ன செய்வான் என்று வரிசையாகச் சொல்லியிருப்பேன்.

குழந்தை தத்தித் தத்தி நடந்து வந்து அம்சவேணி மடியில் ஏறியது. அவள் அதன் வயிற்றில் வாயை வைத்து ஊதினாள். அது கெக்கலித்தது. "சொல்லுப்பா" என்றாள் என்னைப் பார்த்து. "எங்கம்மா காலத்துல இது இருந்திருந்தா எங்கம்மா இன்னிக்கு உயிரோட இருந்திருக்கும். இது பொழச்சிக்கட்டும். சொல்லு."

"நம்பலாம்மா" என்றேன். "கொஞ்ச நாளாகும். சரியாயிடும்."

"அடிக்க மாட்டாருல்ல?"

"மாட்டான்."

தேவகி என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அவள் கை ஈரமாக இருந்தது. பையைத் தூக்கப் போனாள். கனமான பை. மூன்று வாரத்துக்கு முன்னால் கிளம்பி வந்தபோது இனி திரும்புவதில்லை என்று எல்லாவற்றையும் வாரிப் போட்டுக்கொண்டு வந்திருப்பாள் போல. "வெய்யில்ல தூக்கிக்கினு போவாத, அப்பா கொண்டாந்து வுடும்" என்றாள் அம்சவேணி.

பையை நான் வாங்கிக்கொண்டேன். பஸ் ஸ்டாப் வரை அவள் எனக்கு முன்னால் வேகவேகமாக நடந்தாள். ஸ்ரீபெரும்புதூர் பஸ் நாலரைக்கு வந்தது. கூட்டம் நெரிந்தது. முதலில் ஏறி ஒருவனை அதட்டி எழுப்பிவிட்டு, ஜன்னலோரமாக அவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்தேன். பையை அவள் காலடியில் வைத்துவிட்டு, கண்டக்டரிடம், "பாத்து எறக்கி வுடுப்பா, புருசன் வந்து நிப்பான்" என்று சொல்லிவிட்டு இறங்கிக்கொண்டேன்.